பழவேற்காட்டு இறாலுக்கு விலை வைப்பது யார்? தரகர் இல்லாமல் ஏன் நடக்கவில்லை?

சென்னையில் ஆப்பில் இறால் ஆர்டர் போட்டால் கிலோ என்ன விலை என்று உடனே தெரிந்துவிடும். அந்த இறாலைப் பிடித்தவர் கைக்கு எவ்வளவு போனது என்பது மட்டும் எங்கேயும் வராது. நடுவில் நிற்பவர்தான் தரகர். ஏஜென்ட், வியாபாரி, கமிஷன்காரர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். 'இடைத்தரகர்களை ஒழிப்போம்' என்று மேடையில் பேசுவது சுலபம். ஒழிச்சுட்டா அவர் பார்க்கிற வேலையை யார் பார்ப்பது?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்குப் பக்கம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். இங்கே யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்குப் பரம்பரையாக 'பாடு' என்ற முறை உண்டு. சீட்டுப் போட்டு இடத்தைப் பிரித்துக்கொள்வார்கள். ஆக, தண்ணிக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. தராசுக்கு அப்படி எதுவும் இல்லை.

முன்பணம் என்ற கொக்கி

வலை கிழிந்தாலோ, எஞ்சின் பழுதானாலோ, வீட்டில் கல்யாணமோ ஆஸ்பத்திரிச் செலவோ வந்தாலோ, ராத்திரியிலும் காசு தரக்கூடிய ஒரே ஆள் தரகர்தான். கையெழுத்து, அடமானம் எதுவும் வேண்டாம். பெரும்பாலும் வட்டிகூடக் கேட்கமாட்டார். ஒரே நிபந்தனை: பிடிக்கிற சரக்கு அவருக்கே வரவேண்டும்.

வட்டியே இல்லையே, நல்லதுதானே என்று தோன்றும். ஒரு உதாரணக் கணக்கு போடலாம். முன்பணம் 50,000 ரூபாய். வெளி விலையைவிடக் கிலோவுக்கு 40 ரூபாய் குறைத்து எடுக்கிறார். ஒரு நாளைக்கு 5 கிலோ, மாதம் 20 நாள் என்றால் மாதத்துக்கு 4,000 ரூபாய் போகிறது. தொழில் நடக்கிற மாதங்கள் 10 என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு 40,000. அதாவது 80 சதவீத வட்டி! அசல் 50,000 அப்படியே நிற்கும். கிரெடிட் கார்டு வட்டிக்கே நாம் அலறுகிறோம்.

இதோடு தரம் பிரிப்பதிலும் ஒரு விளையாட்டு உண்டு. இறாலுக்கு விலை 'கவுன்ட்' கணக்கில், அதாவது கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதில். எண்ணிக்கை குறையக் குறைய விலை ஏறும். 30 கவுன்ட்டா, 40 கவுன்ட்டா என்று சொல்பவர் வாங்குபவரே. ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களிடம் இருப்பது கொஞ்சம் சரக்குதான். அதை வைத்துக்கொண்டு யாரிடம் பேரம் பேசுவது?

நண்டும் விஸ்கியும்

ஸ்காட்லாந்தில் விஸ்கி பீப்பாய்களுக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி குறைந்தது 3 வருஷம் ஓக் பீப்பாயில் கிடந்தால்தான் அது ஸ்காட்ச். வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகிப் போனாலும், நல்ல சரக்காக இருந்தால் வயசு ஏற ஏற விலையும் ஏறும். விற்பவர் காத்திருக்கலாம், விலை பிடிக்கவில்லை என்றால் இன்னொரு தரகரைப் பார்க்கலாம்.

இறால் காத்திருக்காது. ஐஸ் இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் விலை போய்விடும். அதனால் ஐஸும் வண்டியும் யார் கையிலோ, விலையும் அவர் கையில்.

ஏரியில் காத்திருந்தால் விலை ஏறுகிற சரக்கு ஒன்று உண்டு: சேற்று நண்டு. ஓடு உரித்த புதிதில் உள்ளே சதை இருக்காது. அந்தத் 'தண்ணி நண்டு'க்கு அடிமாட்டு விலைதான். சில வாரம் தீனி போட்டுக் கொழுக்க வைத்தால் அதே நண்டு உயிரோடு விமானத்தில் சிங்கப்பூர் போகும். லாபம் முழுக்க அந்தச் சில வாரக் காத்திருப்பில் இருக்கிறது. அன்றைய அரிசிக்கு அன்றே விற்கவேண்டிய வீட்டால் அதற்குக் காத்திருக்க முடியாது.

செய்தியும் சரக்குதான்

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியபோது பெரிதாக அடிபட்டது பண்ணை வனாமி இறால். இயற்கையாகப் பிடிக்கும் இந்திய இறாலை ஆமைப் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2019-லேயே அமெரிக்கா நிறுத்திவிட்டது. அப்படியானால் ஏரி இறாலுக்கும் இந்த வரிக்கும் நேரடித் தொடர்பில்லை. ஆனால் அங்கே போகாத வனாமி உள்ளூர்ச் சந்தைக்கு வந்தால் இங்கேயும் விலை இறங்கும். 'அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டான், விலை இல்லப்பா' என்று கரையில் ஒருவர் சொன்னால் அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கதை என்று மீனவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தெரிந்தாலும், முன்பணம் வாங்கியவரால் சரக்கை வேறு ஆளுக்குத் தரமுடியாதே.

பழவேற்காட்டுக்கு இது புதிதல்ல. 1610-ல் வந்து, 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள் இங்கிருந்து ஏற்றிய துணியும் இதே முறையில்தான் வந்தது. மலயா என்று அவர்கள் அழைத்த அச்சுதப்ப செட்டி போன்ற பெரிய வணிகர்கள் நடுவில் நின்றார்கள். நெசவாளருக்கு முன்பணம், பதிலுக்குத் துணி.

மாற்று இருக்கிறதா?

இருக்கிறது. கேரளாவின் மரியநாட்டில் தொடங்கி, கன்னியாகுமரி வரை பரவிய மீனவர் சங்கங்களில் ஏலத்தைச் சங்கமே நடத்துகிறது. விற்ற தொகையில் ஒரு பங்கு கடனுக்கும், ஒரு சிறு பங்கு சேமிப்புக்கும் பிடிக்கப்படும். கடன் கொடுப்பவரும் சரக்கை வாங்குபவரும் வேறு வேறு ஆள். முக்கியமே இதுதான்.

2018-19 பட்ஜெட்டில் கிசான் கிரெடிட் கார்டை மீனவர்களுக்கும் நீட்டித்தார்கள். ஒழுங்காகக் கட்டினால் வட்டி 4 சதவீதம்தான். மேலே பார்த்த 80-க்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் அது வலை, டீசல், ஐஸ் மாதிரியான தொழில் செலவுக்கான கடன். பாதி ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது வங்கி திறந்திருக்காது. அதைவிடப் பெரிய சிக்கல், ஏற்கெனவே தரகரிடம் நிற்கும் அந்த 50,000. அதை அடைக்காமல் எந்தச் சங்கத்தின் ஏலத்துக்கும் அவர் தன் கூடையைக் கொண்டுபோக முடியாது.