கோணல் மரம் பிழைத்த கதை

சனிக்கிழமை மாலை வந்துவிட்டால் மனிதர்களை இரண்டு வகுப்பாகப் பிரித்துவிடலாம். மறுநாள் முழுவதும் சாய்வு நாற்காலியை விட்டு நகருவதில்லை என்று தீர்மானம் செய்துகொள்பவர்கள் ஒரு வகுப்பு. விடிவதற்கு முன்பே மூட்டை முடிச்சுடன் கிளம்பிவிடுகிறவர்கள் மற்றொரு வகுப்பு. நாம் பிறவியிலேயே முதல் வகுப்பைச் சேர்ந்தவர்கள். ஆனால் உத்தியோக நிமித்தமாக ஜப்பானில் யாகுஷிமா என்னும் தீவுக்கு வந்து குடியேறிய பின்னர், நம்முடைய சம்மதத்தைக் கேளாமலே சிநேகிதர்கள் நம்மை இரண்டாவது வகுப்பில் சேர்த்துவிட்டார்கள்.

சிநேகிதர்கள் மூவர். ஒருவர் ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர். மற்றொருவர் நர்ஸ் வேலை பார்க்கும் அம்மையார். மூன்றாமவர் நமக்கு அடுத்த வீட்டுப் பெரியவர். எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருப்பவர்.

இந்தத் தீவு கியூஷூவின் தென்முனைக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில், கடலில் மிதக்கும் ஒரு மலையைப்போல் இருக்கிறது. கரையோரமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் சுமார் 130 கிலோமீட்டர். நடுவில் எழுந்து நிற்கும் மியானோவுரா சிகரத்தின் உயரம் 1,936 மீட்டர். கியூஷூப் பிராந்தியம் முழுவதிலும் இதைவிட உயர்ந்த சிகரம் வேறில்லை. கடலிலிருந்து கிளம்பும் மேகங்களெல்லாம் இந்த மலையில் முட்டிக்கொண்டு, சுமையை இங்கேயே இறக்கிவிட்டுப் போகின்றன. கரையோரத்திலேயே வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலைக்கு மேலே அதைப்போல் இரண்டு மடங்கு. மாதத்துக்கு 35 நாள் மழை என்று இங்கே வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு. இப்பேர்ப்பட்ட ஊரில் மழை நிற்கட்டும் என்று காத்திருப்பவன் காத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். ஆகவே குடையும் மழைச் சட்டையுமாகவே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிளம்புகிறோம்.

சிறிய பிரயாணங்களுக்குக் குறைவில்லை. ஹிராவுச்சி என்ற கிராமத்தில் கடலோரப் பாறைகளுக்கு நடுவே ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. கடல் வற்றும் சமயத்தில் மட்டும், நாளுக்கு இரண்டு தடவை, அது தலைகாட்டும். அங்கே குளிக்கப் போகிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதைவிடக் கடலின் ஏற்றவற்ற அட்டவணையைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். மேற்குப் பக்கத்தில் ஓகோ அருவி 88 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. நாகாத்தா கடற்கரைக்கு மே மாதம் முதல் ஜூலை வரையில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. இவற்றையெல்லாம் பார்த்து முடித்தபின் பாக்கியிருந்தது ஒன்றே ஒன்று. அதுதான் மலைமேல் இருக்கும் ஜோமோன் சுகி என்னும் மகா விருக்ஷம்.

சுகி என்பது ஊசி இலை மரம். ஜப்பான் தேசமெங்கும் இருப்பதுதான். ஆனால் யாகுஷிமாவின் கருங்கல் மலையில் மண் மெலிந்தது. மரம் மிக மெதுவாக வளருகிறது. அதனாலேயே அதன் உடம்பில் பிசின் ஏறி, உளுத்துப் போகாமல் நீடிக்கிறது. ஆயிரம் வயது நிரம்பினால்தான் ஒரு மரத்துக்கு “யாகு சுகி” என்ற பட்டம் கொடுக்கிறார்கள். அதற்குக் குறைந்ததெல்லாம் “கொசுகி”, அதாவது சின்ன சுகி. எண்ணூறு வயதுப் பாட்டனைக் குழந்தை என்று அழைக்கும் ஊர் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்!

விடியற்காலை நாலரை மணிக்கே திறந்திருக்கும் கடையில் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டு, பஸ் ஏறி அரகாவா என்னும் இடத்தில் இறங்கினோம். அங்கிருந்து போகவர சுமார் 22 கிலோமீட்டர்; பத்து மணி நேர நடை. முதல் 8 கிலோமீட்டர், மரம் ஏற்றி வருவதற்காக 1923-ல் ஏற்பட்ட சிறு ரயில் பாதையின் மேலேயே போகவேண்டும். தண்டவாளத்துக்கு இடையே நடந்து, கீழே நதி இரைந்து ஓடும் பாலங்களைக் கடந்து, முக்கால் மணி நேரத்தில் கொசுகிதானி என்ற இடத்தை அடைந்தோம்.

ஊர் என்று சொல்ல அங்கே இப்போது ஒன்றுமில்லை. பாசி படர்ந்த கற்படிகள், ஒரு பள்ளிக்கூடம் இருந்த மைதானம், சுற்றிலும் காடு. மரம் வெட்டுகிறவர்களின் குடியிருப்பாக விளங்கிய அந்த இடத்தில் 1960-ஐ ஒட்டி 500 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். 1970-ல் வேலை நின்றது. ஜனங்கள் இறங்கிப் போய்விட்டார்கள்.

அடுத்த வீட்டுப் பெரியவர் அந்த மைதானத்தில் படித்தவர் என்பது அன்றைக்குத்தான் நமக்குத் தெரிந்தது. அவருடைய தகப்பனார் அங்கே கோடரி பிடித்தவர். பிற்பாடு இயந்திர ரம்பம் வந்தபோது அதையும் பிடித்தவர். “ஒரு மரத்தை வெட்ட முன்னே நாட்கணக்கில் ஆகும். ரம்பம் வந்த பிறகு ஒரு பகல் போதும். அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுக் காதை இழந்தார். அந்த மரத்தின் கூலியில்தான் நான் எழுத்துக் கற்றுக்கொண்டேன்” என்றார் பெரியவர். பிறகு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து, “இதற்கு மேல் நீங்கள் போய் வாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்” என்றார். உபாத்தியாயர் எவ்வளவு வற்புறுத்தியும் அவர் எழுந்திருக்கவில்லை.

மேலே நடந்தபோது உபாத்தியாயர் பழைய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆதியில் தீவு வாசிகள் மலையைத் தெய்வமாகக் கருதியபடியால் பெரிய மரங்களைத் தொடுவதற்கு அஞ்சினார்கள். 17-ஆம் நூற்றாண்டில், இந்தத் தீவிலேயே பிறந்த தோமாரி ஜோச்சிகு என்னும் பண்டிதர், ஜனங்களின் வறுமையைக் கண்டு, மரம் வெட்டத் தெய்வத்தின் உத்தரவு கிடைத்துவிட்டதென்று அறிவித்தாராம். இரவில் கோடரியை மரத்தில் சாய்த்து வைக்கவேண்டும். காலையில் அது விழாமல் நின்றால் தெய்வத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். கோடரிகள் பெரும்பாலும் விழவில்லை என்றே தோன்றுகிறது! ஏனெனில், நெல் அதிகம் விளையாத இந்தத் தீவு, சத்ஸுமா சமஸ்தானத்துக்குச் செலுத்தவேண்டிய வரியைக் கூரை வேயும் சுகிப் பலகையாகவே செலுத்திவந்தது. பழைய மரங்களில் பெரும்பகுதி இப்படித்தான் கூரையாயிற்று.

பலகை பிளப்பதற்கு நேராக வளர்ந்த மரம் வேண்டும். முண்டும் முடிச்சுமாக முறுக்கிக்கொண்ட மரத்தைப் பிளந்தால் பலகை வராது. ஆகையால் வெட்டுகிறவர்கள் நேரான மரங்களையெல்லாம் வீழ்த்திவிட்டுக் கோணல் மரங்களை விட்டுப் போனார்கள். இன்றைக்கு உலகம் வந்து வணங்கும் மரங்களெல்லாம் அன்றைக்கு ஒன்றுக்கும் உதவாதென்று தள்ளப்பட்டவை.

ரயில் பாதை முடிந்து ஏற்றம் ஆரம்பமானதும் ஒரு பிரம்மாண்டமான அடிமரத்தைக் கண்டோம். சுற்றளவு சுமார் 13.8 மீட்டர். சுமார் 400 வருஷங்களுக்கு முன்னால் வெட்டப்பட்டதாம். 1914-ல் இந்தத் தீவுக்கு வந்த ஆங்கிலத் தாவர சாஸ்திரி வில்ஸன் என்பவரின் பெயரால் அது வழங்குகிறது. உள்ளே குடைந்த வெற்றிடத்தில் ஒரு சிறு கோவிலும் நீரூற்றும் இருக்கின்றன. இத்தனைக்கும் அது நேரான மரம். அதனால்தான் அடிமரம் மட்டும் மிஞ்சியது.

கடைசியில் ஜோமோன் சுகி. உயரம் 25.3 மீட்டர், நெஞ்சு உயரத்தில் சுற்றளவு 16.4 மீட்டர். அதன் வயதைப் பற்றி 2,170 வருஷம் முதல் 7,200 வருஷம் வரை பலவிதக் கணக்குகள் உண்டு. வெளி உலகத்துக்கு இந்த மரம் தெரிந்ததோ 1966-க்குப் பிறகுதான். உடம்பெல்லாம் முண்டும் முடிச்சுமாக, மழையில் நனைந்து, சாம்பல் நிறத்தில் நின்றது. நர்ஸ் அம்மையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஆனால் அதை நாங்கள் தூரத்தில் ஒரு மரமேடை மேல் நின்றுதான் பார்த்தோம். பார்க்க வந்தவர்களின் காலடி பட்டுப்பட்டு மண் கரைந்து வேர் வெளியே வந்துவிட்டபடியால், 1996-ல் அந்த மேடை கட்டப்பட்டது. 1993-ல் இந்தத் தீவின் காடு உலகப் பாரம்பரியச் சொத்தாக அங்கீகாரம் பெற்றது முதல் கூட்டம் பெருகியது. மலைக் குடிசைகளின் கழிவுகளை மனிதர்கள் முதுகில் சுமந்து கீழே கொண்டுவரவேண்டியதாயிற்று. அந்தச் செலவுக்காக 2017 முதல் மலை ஏறுகிறவர்களிடம் நன்கொடை கேட்கிறார்கள். அதற்கு முன்பே, இந்த மரத்தைப் பார்க்க நாளுக்கு இத்தனை பேர்தான் போகலாம் என்று வரம்பு கட்டும் யோசனை 2011-ல் ஊர்ச் சபையின் முன் வந்தது. சபை அதை நிராகரித்துவிட்டது.

சபையாரைக் குறை கூறுவது எளிது. ஆனால் 12,000-க்கும் குறைவான பேர் வாழும் தீவில் சத்திரக்காரர், பஸ் ஓட்டுகிறவர், வழிகாட்டி, சோற்றுப் பொட்டலம் கட்டும் அம்மாள் எல்லோருக்கும் அந்த மரம்தான் படி அளக்கிறது. 1970-களில் மரம் வெட்டுவதை நிறுத்தும்படி எழுந்தவர்களும் இந்த ஊர் இளைஞர்களே. அப்போது அவர்களை எதிர்த்துப் பிழைப்பு என்னாவது என்று கேட்டவர்களும் இந்த ஊராரே. கேள்வி மாறவில்லை. கோடரிக்கு உதவாததனால் பிழைத்த மரம், இன்று கண்ணுக்கு உதவுவதனால் ஆபத்துக்கு உள்ளாகியிருக்கிறது.

மாலையில் கொசுகிதானிக்குத் திரும்பியபோது பெரியவர் பள்ளிக்கூடப் படிகளின் மேல் உதிர்ந்திருந்த இலைகளையெல்லாம் கூட்டி முடித்திருந்தார். “மரத்தைப் பார்க்க உங்களுக்கு ஆசை இல்லையா?” என்று கேட்டோம். “நான் பார்க்காததனால் அதற்கு ஒரு குறையும் இல்லை” என்றார். பிறகு, வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் கிராமத்தார் மலைக்குச் செய்யும் யாத்திரையைப் பற்றிச் சொன்னார். ஊர் முழுவதும் மலை ஏறுவதில்லை. ஊருக்காகச் சிலர், கடற்கரை மணலைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு சிகரத்துக் கோவிலுக்குப் போவார்கள். திரும்பும்போது ஒரு பூங்கிளை கொண்டுவருவார்கள். மற்றவர்களுக்கு அந்தக் கிளையே போதும்.

பிழைப்பையும் மரத்தையும் ஒருங்கே காப்பாற்ற வேறு வழி இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. வரம்பு வேண்டும்; வரம்பினால் நஷ்டமடையும் ஏழைக்குச் சர்க்கார் ஈடும் செய்யவேண்டும். சட்டம் வரும்வரையில் நம்மாலும் ஒன்று செய்ய முடியும். இந்தத் தீவிலே அருவிகளுக்கும் காட்டுப் பாதைகளுக்கும் பஞ்சமில்லை. எல்லோரும் ஒரே மரத்தின் காலடியில் போய் நிற்கவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது. வாசகர்களில் யாரேனும் இங்கே வருவதாயிருந்தால் கொசுகிதானி மைதானத்தில் ஒரு பகல் உட்கார்ந்து பாருங்கள். அங்கேயும் மழை பெய்யும். அங்கேயும் கொசுகிகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன.