வினாவைப் பற்றிநின்ற வைத்தியர்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் நம் ஊர்களிற் கேட்கப்படும் முதற்கேள்வி, "பிள்ளைக்கு மெடிசின் கிடைத்ததா?" என்பதே. கிடைத்தவன் வென்றவன், சில புள்ளிகளால் தவறி விஞ்ஞான பீடம் புகுந்தவன் தோற்றவன். இக்கணக்குப் பிழையானது என்பது என் துணிபு. வைத்தியம் கற்றும் ஆய்வுகூடத்தையே நாடிய ஒருவரின் வரலாற்றை அதற்குச் சான்றாகக் காட்ட விரும்புகின்றேன்.

சேர் ஜேம்ஸ் பிளாக் 1924 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்திற் பிறந்தவர். 1946 இல் வைத்தியப் பட்டம் பெற்றவர். படிப்பினால் ஏற்பட்ட கடனைத் தீர்ப்பதற்காக, நம் முன்னோர் பலர் பொருள்தேடிச் சென்ற மலாயாத் திசைக்கே அவரும் சென்றார். சிங்கப்பூரில் மருத்துவ மாணாக்கருக்கு உடற்றொழிலியல் கற்பித்தார். மீண்டு வந்து, கிளாஸ்கோ மிருக வைத்தியக் கல்லூரியிற் பணியேற்றார். அங்கேதான் ஒரு வினா அவரைப் பற்றிக்கொண்டது. நெஞ்சுநோவு கொண்டவரின் இருதயத்துக்குக் குருதியைக் கூட்டவே ஏனையோர் முயன்றனர். இருதயத்தின் தேவையைக் குறைத்தால் என்ன என்று இவர் கேட்டார்.

அதிரினலின் போன்ற பொருள்கள் இருவகை வாங்கிகள் வழியே தொழிற்படுகின்றன என்று அமெரிக்கரான அல்குவிஸ்ற் 1948 இல் எழுதியிருந்தார். வாங்கியைப் பூட்டு என்றும், அதிரினலினைத் திறப்பு என்றும் கொள்ளலாம். பூட்டினுள் நுழைந்தும் அதனைத் திறவாது, மெய்த் திறப்புக்கும் இடங்கொடாத ஒரு பொய்த் திறப்பையே பிளாக் தேடினார். 1958 இல் ஐ.சி.ஐ. நிறுவனத்திற் சேர்ந்து, இரசாயன அறிஞரோடு கூடி உழைத்தார். அவ்வுழைப்பின் பயனே புரொப்பிரனலோல் என்னும் மருந்து.

அப்புகழோடு அவர் அமைந்துவிடவில்லை. 1964 இல் வேறொரு நிறுவனத்துக்குச் சென்று, இரைப்பை அமிலத்தைச் சுரப்பிக்கும் ஹிஸ்டமினை ஆராயத் தொடங்கினார். அக்காலத்து ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்துகள் அச்சுரப்பைத் தடுக்கவில்லை. ஆகவே ஹிஸ்டமினுக்கும் இரண்டாம் வாங்கி ஒன்று இருத்தல் வேண்டும் என்று கருதினார். கனெலின் முதலிய இரசாயன அறிஞர் மூலக்கூறுகளை ஆக்கித் தந்தனர். நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய 200 சேர்வைகள் சோதிக்கப்பட்டன, ஒன்றேனும் பயன்தரவில்லை.

வழி திறந்த விதம் நம் சிந்தனைக்குரியது. தொடக்கத்திலேயே ஆக்கி ஒதுக்கிவைத்த சேர்வை ஒன்றை 1968 இல் செம்மையான முறையில் மீளச் சோதித்தபோது, அது சிறிதளவு தடுப்பது புலனாயிற்று. விடை கையிலிருந்தது, அதனைக் காணும் சோதனையே குறைபட்டிருந்தது! அதன்பின் 1972 இல் இரண்டாம் வாங்கி உண்டென்பது நிறுவப்பட்டது. அடுத்து வந்த மருந்து சிலரின் வெண்குருதிக் கலங்களைக் குறைத்தமையால் கைவிடப்பட்டது. அதிலிருந்த கந்தகப் பகுதியை நீக்கி, நைதரசன் கொண்ட பகுதியொன்றைப் புகுத்திச் சிமெற்றிடீனை ஆக்கினர். 1976 இல் அது பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. சத்திரசிகிச்சையை எதிர்நோக்கியிருந்த குடற்புண் நோயாளர் பலர் மாத்திரையால் ஆறுதல் பெற்றனர். 1988 இல் பிளாக்குக்கு, எலியன், ஹிச்சிங்ஸ் ஆகியோரோடு, நோபல் பரிசு கிட்டியது. 2010 இல் அவர் மறைந்தார்.

வைத்தியர் ஒருவர் தம் வாழ்நாளில் எத்துணை நோயாளரைப் பார்த்தல் கூடும்? ஆய்வுகூடத்தில் நின்ற இவர் கண்டறியாத நாடுகளின் நோயாளருக்கும் உதவினார். வைத்தியத் தொழிலை நான் குறைத்துரைக்கவில்லை. வைத்தியர் கையிலுள்ள மருந்தை ஆக்கித் தந்தவனை மறந்துவிடுகின்றோமே என்பதுதான் என் குறை. கனெலின் வைத்தியரல்லர், இரசாயனம் கற்றவர். நம் கணக்கின்படி அவர் தோற்றவரா?

இவ்விழாவில் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். பரீட்சையில் முதல்வருபவனுக்குப் பரிசளிக்கின்றோம், அது நிலைக்கட்டும். அதனோடு, தானே எழுப்பிய வினாவொன்றை ஓராண்டு காலம் ஆராய்ந்து, பிழைத்தவற்றையும் ஒளியாது எழுதிவைக்கும் மாணவனுக்கும் ஒரு பரிசு நிறுவுவோம். அவன் விடை காணாதிருக்கலாம். அதனால் பரிசை மறுத்தலாகாது. விடையின்றி நான்காண்டு நின்றவர்களாலேயே அம்மருந்து கிடைத்தது. அத்தகைய பொறுமையைப் போற்றும் கல்லூரியே அறிவை வளர்க்கும் கல்லூரியாகும்.