விடுதிக்கு அனுப்புவதா, வேண்டாமா? முதலாண்டு மாணவர்களும் நம் குடும்பங்களும்

பிளஸ் டூ முடிவு வந்து, கலந்தாய்வு முடிந்து, சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பல முஸ்லிம் வீடுகளில் உண்மையான விவாதம் தொடங்குகிறது. எந்தப் படிப்பு என்பது முடிவாகிவிட்டது. எங்கே தங்குவது என்பதுதான் முடிவாகவில்லை. அந்தியூர் போன்ற ஊர்களில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. பவானி, கோபி, ஈரோடு என்றால் பஸ்ஸில் போய் வந்துவிடலாம். கோவை என்றால் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். தினமும் போய் வந்து படிப்பது நடக்காத காரியம். ஆக, விடுதி வேண்டாம் என்றால் கோவையில் கிடைத்த இடமும் வேண்டாம் என்றுதான் பொருள்.

இந்த இடத்தில் நம் குடும்பங்கள் இரண்டு விதமாக முடிவெடுப்பதைப் பார்க்கிறோம். பெண் பிள்ளை என்றால், "விடுதியெல்லாம் வேண்டாம், பக்கத்தில் கிடைத்ததைப் படிக்கட்டும்" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். ஆண் பிள்ளை என்றால், பெட்டி படுக்கையோடு கொண்டுபோய் விட்டு, "பத்திரமா இரு" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கிறோம். முன்னதில் அளவுக்கு மீறிய அச்சம், பின்னதில் அளவுக்கு மீறிய அலட்சியம். இரண்டிலும் இல்லாதது ஒன்றுதான்: விசாரிப்பது.

ஒரு முடிவு தவறினால் இழப்பது எவ்வளவு என்பதைக் கணக்குகள் சொல்கின்றன. ஒன்றிய அரசின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்திய சராசரி 28.4 சதவீதம்தான். நாட்டிலேயே கல்வி வாய்ப்பு அதிகமுள்ள மாநிலங்களில் ஒன்றில் நாம் வாழ்கிறோம். ஆனால் அதே கணக்கெடுப்பில் நாடு முழுவதும் உயர்கல்வி பெறும் முஸ்லிம் மாணவர்கள் சுமார் 21 லட்சம் பேர். மொத்தத்தில் 5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கில் நம் பங்கு 14.2 சதவீதம். கவனிக்க வேண்டியது, அந்த 21 லட்சத்தில் ஏறக்குறைய பாதிப்பேர் பெண்கள். நம் பெண் பிள்ளைகள் படிக்கத் தயங்கவில்லை. அவர்கள் தங்கிப் படிக்க ஓர் இடம்தான் தேவைப்படுகிறது.

பெற்றோரின் அச்சம் காரணமில்லாதது அல்ல. 1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொலை செய்யப்பட்டதை இன்றைய பெற்றோர் தலைமுறை மறந்திருக்காது. அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். துணைவேந்தரின் மகனுக்கே பாதுகாப்பில்லை என்ற அதிர்ச்சியில் பிறந்ததுதான் தமிழ்நாட்டின் ராகிங் தடைச் சட்டம், 1997. ராகிங் செய்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, பத்தாயிரம் ரூபாய்வரை அபராதம் என்று அது சொல்கிறது. தண்டிக்கப்பட்ட மாணவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைமை குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படும்.

சட்டம் வந்ததும் கொடுமை ஒழிந்துவிடவில்லை. 2023 நவம்பரில் கோவையிலுள்ள ஒரு தனியார் பொறியியல் கல்லூரி விடுதியில் இளைய மாணவர் ஒருவரைத் தாக்கி மொட்டையடித்ததாக மூத்த மாணவர்கள் ஏழு பேர் கைது செய்யப்பட்டனர். நமக்கு மிக அருகிலுள்ள பெருநகரில் நடந்தது இது.

2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேச மருத்துவக் கல்லூரி ஒன்றில் அமன் கச்ரூ என்ற முதலாண்டு மாணவர் ராகிங்கால் உயிரிழந்த பிறகு, பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிமுறைகளைக் கொண்டுவந்தது. முதலாண்டு மாணவர்களை இயன்றவரை தனிக் கட்டடத்தில் தங்க வைக்க வேண்டும், ராகிங் தடுப்புக் குழு முன்னறிவிப்பின்றி விடுதியில் ஆய்வு செய்ய வேண்டும், மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும் என்பவை அவற்றில் சில. அந்தப் பத்திரத்தில் நாம் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். நம் பிள்ளைக்கு உள்ள பாதுகாப்பையும், நம் பிள்ளை இன்னொரு பிள்ளையைச் சீண்டினால் வரும் விளைவையும் சேர்த்துச் சொல்லும் தாள் அது. வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை சேர்ந்து வாசிக்க வேண்டும்.

இதே விதிமுறைகளில் 2016ல் செய்யப்பட்ட ஒரு திருத்தம் நம் சமுதாயத்துக்கு மிக முக்கியமானது. நிறம், மதம், சாதி, பாலினம், தோற்றம், மொழி, பிறந்த பகுதி ஆகியவற்றின் அடிப்படையில் ஒரு மாணவரை உடலாலோ மனதாலோ துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று அது சொல்கிறது. தாடியைப் பிடித்துக் கேலி செய்வது, ஹிஜாபைச் சீண்டுவது, பெயரைச் சொல்லி 'பயங்கரவாதி' என்று பட்டம் சூட்டுவது எல்லாம் 'சும்மா ஜாலிக்கு' என்று கடந்துபோக வேண்டியவை அல்ல; புகாருக்கு உரியவை. இதைத் தெரிந்து போகும் மாணவர் தலை நிமிர்ந்து நிற்பார். தெரியாதவர், தானே ஏதோ தவறு செய்ததுபோல் ஒடுங்கிப்போவார். 1800-180-5522 என்ற கட்டணமில்லா ராகிங் தடுப்பு எண்ணைப் பிள்ளையின் கைபேசியில் நாமே பதிந்துகொடுக்க வேண்டும்.

அடுத்தது, எந்த விடுதி என்ற கேள்வி. கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் விடுதி, அரசு விடுதி, வெளியில் இருக்கும் தனியார் விடுதி என மூன்று வழிகள் உண்டு.

அரசின் பிற்படுத்தப்பட்டோர், மிகப்பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் நலத்துறை கல்லூரி மாணவர்களுக்கு விடுதிகள் நடத்துகிறது. 2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகள் அனைத்துக்கும் 'சமூகநீதி விடுதிகள்' என்று முதலமைச்சர் பெயர் அறிவித்தார். இந்த விடுதிகளில் உணவும் தங்குமிடமும் இலவசம். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்பதும், வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகள். தூர நிபந்தனை மாணவியருக்குக் கிடையாது. பலர் விண்ணப்பிப்பதே இல்லை. கடைசித் தேதி போன பிறகு விசாரிக்கிறார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள நலத்துறை அலுவலகத்தில் சேர்க்கைக் காலத்துக்கு முன்பே கேட்டுவைப்பது நல்லது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்கல்வியில் சேர்ந்தவர்களுக்கு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. இவை சலுகை அல்ல, நம் வரிப்பணத்தில் நமக்குள்ள உரிமை.

தனியார் விடுதி என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2014 ஜூனில் பொள்ளாச்சியில் ஒரு விடுதிக்குள் புகுந்து சிறுமியர் இருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டனர். அதே ஆண்டில் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. அதன்படி மகளிர் விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். மகளை விடுதியில் சேர்க்கப் போகும் அத்தா முதலில் கேட்க வேண்டியது வாடகை எவ்வளவு என்பதல்ல. "உரிமம் இருக்கிறதா, காட்டுங்கள்" என்பதுதான். இரவில் வார்டன் அங்கேயே தங்குகிறாரா, வெளியே போக வர என்ன பதிவு, உடம்புக்கு முடியாமல் போனால் எந்த மருத்துவமனை என்பவை அடுத்த கேள்விகள். இவற்றுக்கு எரிச்சல்படும் விடுதி நமக்கு வேண்டாம்.

மார்க்கம் சார்ந்த தேவைகளையும் சேர்க்கையின்போதே பேசிவிட வேண்டும். கோவையின் பெரிய கல்வி நிலையங்கள் பீளமேடு, தடாகம் சாலை, மருதமலை சாலை என்று ஒரு பக்கம் இருக்கின்றன. நம் மக்கள் செறிந்து வாழும் கோட்டைமேடு, உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர் இன்னொரு பக்கம். பக்கத்தில் பள்ளிவாசல் எங்கே, ஜும்ஆவுக்குப் போய்வர எவ்வளவு நேரமாகும் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மெஸ்ஸில் இறைச்சி ஹலாலா என்று தெரியாவிட்டால் சைவ உணவுக்கு எழுதிக்கொடுத்துவிடலாம். இனி வரும் சில ஆண்டுகளுக்கு ரமளான் ஜனவரி, பிப்ரவரி மாதங்களை ஒட்டியே வரும். அதாவது இரண்டாம் பருவ வகுப்புகள் நடக்கும்போதே நோன்பும் இருக்கும். நான்கு மாணவர்கள் சேர்ந்து வார்டனிடம் எழுத்தில் கேட்டால், இரவே சஹர் உணவை எடுத்துவைத்துத் தருவது பெரிய காரியமல்ல. தனியாகக் கேட்கக் கூச்சப்பட்டு, பிஸ்கட்டும் தண்ணீருமாக முப்பது நாளை ஓட்டுவதுதான் பலருக்கு நேர்கிறது.

2024 மார்ச்சில் அகமதாபாத்தில் குஜராத் பல்கலைக்கழக விடுதியில் தராவீஹ் தொழுத வெளிநாட்டு மாணவர்கள் தாக்கப்பட்டதை நாம் அறிவோம். நம் மாநிலத்தின் சூழல் வேறு. இங்கே நோன்பு நாளில் கதவைத் தட்டி எழுப்பிவிடும் இந்து நண்பனும், இஃப்தாருக்குப் பழம் வாங்கி வரும் கிறிஸ்தவ நண்பனும் விடுதி வாழ்க்கையின் இயல்பான பகுதி. அந்த நட்பைக் கெடுக்காமல் நம் கடமையைச் செய்வது எப்படி என்பதும் பிள்ளைகள் விடுதியில் கற்கும் பாடம்தான்.

உடலுக்கு நேரும் ஆபத்தைவிடக் கண்ணுக்குத் தெரியாதது மனதின் தனிமை. 2019 நவம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதி அறையில் கேரளத்தின் கொல்லத்தைச் சேர்ந்த முதலாண்டு மாணவி ஃபாத்திமா லத்தீஃப் இறந்து கிடந்தார். மதப் பாகுபாடே காரணம் என்று பெற்றோர் குற்றம்சாட்டினர், விசாரணை சி.பி.ஐ.க்கு மாற்றப்பட்டது. வழக்கின் போக்கு எதுவானாலும், நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட உள்ளுக்குள் உடைந்துகொண்டிருக்கலாம் என்பதை அந்த மரணம் நமக்குச் சொன்னது. பள்ளியில் முதலிடம் பிடித்தவர் முதல் பருவத் தேர்வில் அரியர் வைக்கும்போது வீட்டில் சொல்ல அஞ்சுகிறார். "சாப்பிட்டியா, தொழுதியா, படிச்சியா" என்ற மூன்று கேள்விகளோடு போனை வைத்துவிடாமல், "அங்கே யார்கூடப் பேசுகிறாய்? எது கஷ்டமாக இருக்கிறது?" என்றும் கேட்க வேண்டும். தேவைப்பட்டால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

பெண் பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் அச்சம் நமக்குப் புதிதல்ல. 1906ல் அலிகரில் ஷேக் அப்துல்லாஹ்வும் அவருடைய மனைவி வஹீத் ஜஹான் பேகமும் முஸ்லிம் சிறுமியருக்காகப் பள்ளி தொடங்கியபோது கடும் எதிர்ப்பு இருந்தது. 1914ல் அவர்கள் விடுதியும் திறந்தார்கள். பெற்றோர் நம்பிப் பிள்ளைகளை ஒப்படைத்ததற்குக் காரணம், அந்த அம்மையார் மாணவியரைத் தம் சொந்தப் பிள்ளைகள்போல் கவனித்துக்கொண்டதுதான். பிற்காலத்தில் அதுவே அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரியாக வளர்ந்தது. அச்சத்தை அறிவுரை போக்கவில்லை. நம்பத்தகுந்த ஒரு மனிதர் அங்கே இருந்தது போக்கியது.

இன்று நம் ஜமாஅத்துகள் செய்ய வேண்டியதும் அதுதான். கோவையில் உடனே கட்டடம் கட்டிவிட முடியாது. ஆனால் ஒவ்வோர் ஊர் ஜமாஅத்தும் வெளியூரில் தங்கிப் படிக்கும் தன் பிள்ளைகளின் பட்டியலை வைத்திருக்கலாம். அந்த ஊரிலேயே இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒருவரை முதலாண்டு மாணவருக்குத் துணையாகச் சேர்த்துவிடலாம். மாணவிக்கு மூத்த மாணவியையே சேர்க்க வேண்டும். கோவையில் வசிக்கும் நம் ஊர்க் குடும்பம் ஒன்று மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடலாம். அரசு விடுதி விண்ணப்பத் தேதியை ஜும்ஆ மேடையில் அறிவிக்கலாம். இதற்கெல்லாம் பெரும் பணம் வேண்டாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் திண்ணைத் தோழர்கள் தங்கிப் படித்தார்கள். அவர்களுடைய உணவையும் தேவையையும் மதீனாவின் மக்கள் பகிர்ந்துகொண்டார்கள். படிக்கப் போன பிள்ளை அதன் பெற்றோருடைய பொறுப்பு மட்டுமல்ல, ஊரின் பொறுப்பும்கூட என்பதற்கு நமக்கு அதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டியதில்லை. வரும் கல்வியாண்டில் 'விடுதி' என்ற ஒரே காரணத்துக்காக நம் ஊரில் ஒரு பிள்ளையின் படிப்பும் நின்றுவிடக்கூடாது. அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக!