பசிக்குப் புகையிலையா?

"மலையில குளிரு, பசி, அதுக்குத்தான் ஒரு வாய் வெத்தில" என்கிறோம். பசி தீரவில்லை, தோழர்களே! தெரியாமல் போகிறது. பசி தெரியாத தொழிலாளி சம்பளமும் கேட்கமாட்டான். நிர்வாகத்துக்கு அது வசதிதான்.

இலங்கை ஆண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வெற்றிலை போடும் அம்மாமாரும் தப்புவதில்லை. புகையிலையை எடுத்துவிட்டால் போதாது, பாக்கும் புற்றுநோய் தரும். வாயில் வெள்ளை, சிவப்புப் படை, ஆறாத புண், வாய் திறக்க இறுக்கம் இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் டாக்டரிடம் உடனே காட்டுங்கள். மகரகமைக்குத் தூக்கிப் போகும்வரை காத்திருக்காதீர்கள்.

விட ஒரு நாள் குறியுங்கள். மடியில் புகையிலை வைக்காதீர்கள், கராம்பு மெல்லுங்கள். முதல் சில நாள் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், பிறகு குறையும். 1948க்கு அழைத்தால் ஆலோசனை கிடைக்கும்.

நிர்வாகமே, வாய் காட்டப் போகும் நாளுக்கு முழுப்பேர் போடு!