மாமல்லபுரத்துக்குப் பேருந்தில் வருவோர் பொருட்டு

கனம் போக்குவரத்துத் துறை அமைச்சர் அவர்களின் சமூகத்திற்கு,

மாமல்லபுரத்தின் கற்கோயில்களை யுனெஸ்கோ நிறுவனம் 1984-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்த்த நாள்முதல் அவற்றின் கீர்த்தி தேசாந்தரமெங்கும் பரவியிருக்கிறது. ஆனால், சொந்த வாகனம் இல்லாத ஒரு சாதாரணக் குடும்பம் அக்கோயில்களின் வாயிலுக்கு எவ்வாறு வந்து சேர்கிறது என்னும் விஷயம் அதற்கேற்ற கவனத்தைப் பெறவில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அது தங்கள் இலாகாவின் அதிகாரத்துக்கு உட்பட்டதாகையால் இம்மடலைத் தங்களுக்கு எழுதத் துணிந்தேன்.

ஒரு காலத்தில் சென்னையிலிருந்து அவ்வூருக்குச் செல்ல விரும்பியவர்கள் மாலையில் பக்கிங்காம் கால்வாயில் தோணியேறி, இரவெல்லாம் பிரயாணம் செய்து, விடியற்காலையில் போய்ச் சேர்வது வழக்கமாயிருந்தது. அந்த நீர்வழி தூர்ந்துபோயிற்று. இரயில் பாதையோ அவ்வூரை எட்டவேயில்லை. சென்னையையும் கடலூரையும் மாமல்லபுரத்தின் வழியே இணைக்கும் கடற்கரை இரயில் திட்டம் நெடுங்காலமாக ஏட்டளவில் இருந்துவருகிறது. ஆகவே பேருந்து ஒன்றே ஏழை எளியவர்களுக்குக் கதி.

பேருந்துகள் இல்லாமலில்லை. மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் 588-ஆம் எண் பேருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகவும், தாம்பரத்திலிருந்து புறப்படும் 515 கேளம்பாக்கம் வழியாகவும் ஊருக்குள் தலசயனப் பெருமாள் கோயிலருகே உள்ள நிலையம்வரை வருகின்றன. துன்பம் புதுச்சேரி மார்க்கத்துப் பேருந்துகளில் ஏறுவோருக்குத்தான். "மகாபலிபுரம் பைபாஸ் எல்லாம் இறங்கு" என்று நடத்துநர் குரல் கொடுத்ததும், கைக்குழந்தையும் சோற்றுமூட்டையுமாக வந்தவர்களும், நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் ஒன்றும் பூதத்தாழ்வாரின் அவதார ஸ்தலமுமாகிய அக்கோயிலைச் சேவிக்க வந்த வயோதிகர்களும் வெட்டவெளிச் சாலையோரத்தில் இறக்கிவிடப்படுகிறார்கள். அங்கிருந்து ஊருக்குள் செல்ல ஒரு கிலோமீட்டருக்கு மேல் வெயிலில் நடக்க வேண்டும். இல்லையேல், வந்த பேருந்துக் கட்டணத்துக்கு ஒப்பான தொகையை ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். ஆட்டோக்காரர்கள்மேல் நான் குறை சொல்ல வரவில்லை; சவாரியை எதிர்பார்த்து மணிக்கணக்கில் காத்து நிற்பவர்கள் அவர்கள். ஆனால் காரில் வருபவர் கடற்கரைக் கோயிலின் மதிலுக்கு அண்மையிலேயே சென்று இறங்க, பேருந்தில் வருபவர் ஊர் எல்லைக்கு வெளியே நிற்பது என்ன நியாயம்?

இவ்விஷயத்தை இப்பொழுது எழுதுவதற்கு விசேஷக் காரணம் உண்டு. ஊரின் நடுவிலுள்ள பழைய நிலையம் இடவசதி போதாதது என்று கருதி, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் திருக்கழுக்குன்றம் சாலையில் புதிய பேருந்து நிலையம் ஒன்றை மேற்கொண்டிருக்கிறது. அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் எல்லாப் பேருந்துகளும் அங்கேயே நின்றுவிடுமானால், இன்று புதுச்சேரிப் பேருந்துப் பிரயாணிகள் மாத்திரம் அனுபவிக்கும் சிரமம் நாளை அனைவருக்கும் பொதுவாகிவிடும் அன்றோ? அருச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில், ஐந்து ரதங்கள் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று நடக்கக்கூடிய தொலைவில் இருப்பினும், மூன்றையும் சுற்றி வருவது முழங்கால் வலியுள்ள ஒருவருக்குச் சாத்தியமன்று. வடக்கே சாளுவன்குப்பத்துப் புலிக்குகையோ இன்னும் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது.

ஆகையால், புதிய நிலையத்திலிருந்து புறப்பட்டு, புறவழிச்சாலை நிறுத்தத்தைத் தொட்டு, மேற்சொன்ன மூன்று இடங்களையும் வலம்வந்து திரும்பும் சிறு பேருந்து ஒன்றைக் காலை முதல் இரவு கடைசிப் புதுச்சேரிப் பேருந்து வரும் வரையில் இடைவிடாது இயக்கவேண்டும் என்பதே என் முதன்மையான விண்ணப்பம். நாள் முழுவதற்கும் செல்லும் ஒரே சீட்டை அதிலே கொடுக்கலாம். பிரதான சாலைகளுக்கு அப்பாலுள்ள ஊர்களை இணைக்க 1997-இல் மினி பஸ்களைக் கொண்டுவந்த இம்மாநிலத்துக்கு இது அரிய காரியமன்று. அச்சிறு பேருந்து ஓடத் தொடங்கியபின், சுற்றுலாக் கார்களையும் ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்வதற்கு அரசாங்கத்துக்கு நியாயமான உரிமை பிறக்கும். அதற்குமுன் அவ்வாறு சொல்வது, வேறு வழியில்லாதவர்களைத் தண்டிப்பதாகவே முடியும். விடுமுறை நாட்களில் ஐந்து ரதம் சாலையில் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டி நிற்பதைக் கண்ட எவரும் இதன் அவசியத்தை மறுக்கமாட்டார்கள்.

செங்கற்பட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் இரயிலில் வருபவர்கள் சென்னைவரை சென்று பின்னர் தெற்கே திரும்புகிறார்கள். செங்கற்பட்டிலேயே இறங்கினால், திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரில் மாமல்லபுரத்தை அடைந்துவிடலாம். திருக்கழுக்குன்றத்து வேதகிரீசுவரரையும் தரிசித்துச் செல்லலாம். இந்த மார்க்கத்தில் பேருந்துகள் ஓடுகின்றன. அவற்றின் நேரத்தை அதிகாலை இரயில்களோடு பொருத்தி, இரயில் நிலையத்து வாசலில் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு பலகை வைத்தால் போதும். செலவு என்று சொல்லத்தக்கது அதில் ஒன்றுமில்லை.

இவையாவும் உல்லாசப் பிரயாணிகளுக்காக மாத்திரம் கேட்பவை அல்ல. சிற்பக் கல்லூரி மாணவர்களும், விடுதிகளில் இரவு வேலை முடித்துப் பக்கத்துக் கிராமங்களுக்குத் திரும்பும் பெண்களும், மீன்கூடையோடு விடியற்காலையில் நிற்கும் மூதாட்டிகளும் அதே நிறுத்தங்களில்தான் காத்திருக்கிறார்கள். புதிய நிலையத்தின் கால அட்டவணை இறுதியாக்கப்படுவதற்குமுன் அவர்களையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்தி, அவர்கள் சொல்லும் நேரங்களைக் குறித்துக்கொள்ளுமாறு தங்கள் உத்தியோகஸ்தர்களுக்குக் கட்டளையிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு பேருந்துப் பிரயாணி