அருகாமைக்கு என்ன விலை?

ஜப்பானில் 'ஐடல்' என்று அழைக்கப்படும் இளம்பெண்களின் இசைக் குழுக்கள் பாட்டையும் ஆட்டத்தையும் மட்டும் விற்பதில்லை. ரசிகருடன் சில நொடிப் பேச்சு, கைகுலுக்கல், சேர்ந்து எடுத்துக்கொள்ளும் உடனடிப் புகைப்படம் ஆகியவையும் அவற்றின் விற்பனைப் பொருள்களே. இக்குழுக்கள் வெளிநாடுகளுக்கு வரும்போது ரசிகருக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, குழு விருந்தினராகப் பங்கேற்கும் அனிமே மாநாடு. மற்றொன்று, அது தனி அரங்கில் நடத்தும் இசை நிகழ்ச்சி. எதற்குச் செல்வது என்பது ரசனை சார்ந்த கேள்வியாகத் தோன்றலாம். விலைக் கோட்பாட்டைப் பல்லாண்டுகள் கற்பித்த எனக்கோ, செலவை யார் ஏற்கிறார், உழைப்பை யார் விற்கிறார் என்ற கேள்வியாகவே அது படுகிறது.

முதலில் மாநாட்டின் கணக்கைப் பார்ப்போம். லாஸ் ஏஞ்சலிஸின் அனிமே எக்ஸ்போ, பாரிஸின் ஜப்பான் எக்ஸ்போ போன்றவற்றுக்கு நுழைவுச்சீட்டு வாங்குபவர் ஒரு குழுவுக்காக மட்டும் வாங்குவதில்லை. ஓவியர்கள், குரல் நடிகர்கள், விற்பனைக் கூடங்கள், வேடமணிந்து வருவோர் என அனைத்தும் அந்த ஒரே சீட்டில் அடங்கும். பொருளியலில் இதைத் தொகுப்பு விற்பனை என்போம். அறிமுகமில்லாத ஊருக்கு வரும் குழுவுக்கு இது பெரிய பாதுகாப்பு. நட்டம் வருமோ என்ற அச்சம் அதன் தலையில் மட்டும் விழுவதில்லை. குழுவின் பெயரையே அறியாதவர்கூட அரங்குக்குள் எட்டிப்பார்த்து ரசிகராகலாம். தொலைவிலிருந்து வருபவருக்கு ஒரே பயணத்தில் பல பயன்கள் கிடைக்கின்றன.

ஆனால், தொகுப்பு விற்பனை தேவையின் உண்மையான அளவை மறைத்துவிடும். மாநாட்டு அரங்கு நிரம்பி வழிந்தாலும், அங்கிருந்தோரில் எத்தனை பேர் இக்குழுவுக்காகவே பணம் கொடுத்து வந்திருப்பார்கள் என்று கணிப்பது கடினம். மார்னிங் முசுமே குழு 2009-இல் அனிமே எக்ஸ்போவுக்கும் 2010-இல் ஜப்பான் எக்ஸ்போவுக்கும் விருந்தினராகச் சென்றது. நியூயார்க்கில் அது தனி நிகழ்ச்சி நடத்தியது 2014 அக்டோபரில்தான். மாநாட்டில் கிடைக்கும் வரவேற்பு, ஏற்பாட்டாளர் துணிந்து முதலிடப் போதுமான சான்று ஆகிவிடுவதில்லை. தனி நிகழ்ச்சிக்கு விற்ற சீட்டுகளின் எண்ணிக்கையே அந்தச் சான்று.

இரண்டாவது கேள்வி உழைப்பைப் பற்றியது. இக்குழுக்களின் வரலாற்றில் அருகாமை தொடக்கம் முதலே வணிகத்தின் பகுதி. 1997-இல் மார்னிங் முசுமே உருவானபோது, ஐந்தே நாள்களில் 50,000 குறுந்தகடுகளை நேரில் விற்றுக் காட்ட வேண்டும் என்பதே அதன் ஐந்து உறுப்பினர்களுக்கும் விதிக்கப்பட்ட நிபந்தனை. அவர்கள் விற்றும் காட்டினர். 2005-இல் டோக்கியோவின் அகிஹபராவில் சுமார் 250 பேர் கொள்ளும் அரங்கில் தொடங்கிய ஏகேபி48, 'நேரில் சந்திக்கக்கூடிய ஐடல்' என்பதையே தன் முழக்கமாக்கியது. குறுந்தகட்டுடன் கைகுலுக்கும் சீட்டு சேர்ந்து வந்ததால், ஒரே பாடலைப் பல பிரதிகள் வாங்கும் ரசிகர்கள் தோன்றினர். பாடல் உறையாகிவிட, உள்ளே இருந்த பொருள் சில நொடிகளாயிற்று.

இந்த நொடிகளுக்கு ஓர் எல்லை உண்டு. ஒருவருக்குப் பத்து நொடி என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் 360 பேரைச் சந்திக்கலாம். ஐந்து மணி நேரம் இடைவிடாமல் நின்றாலும் 1,800 பேர்தான். நிகழ்கலைகளில் உழைப்பின் உற்பத்தித்திறனை உயர்த்துவது கடினம் என்று வில்லியம் போமலும் வில்லியம் போவனும் 1966-இல் விளக்கினர். இசை நிகழ்ச்சிக்காவது பெரிய அரங்கை அமர்த்தலாம். கைகுலுக்கலுக்கு அந்த வழியும் இல்லை. வருவாயைக் கூட்ட வேண்டுமானால் அந்தப் பெண் இன்னும் நெடுநேரம் நிற்க வேண்டும். அல்லது ரசிகரின் நொடிகள் குறைய வேண்டும்.

அருகாமையின் ஆபத்தும் அவள்மீதே விழுகிறது. 2014 மே மாதம் இவாதே மாநிலத்தில் நடந்த கைகுலுக்கும் நிகழ்வில், ரம்பத்துடன் வந்த ஒருவர் தாக்கியதில் ஏகேபி48 குழுவின் இரு உறுப்பினர்களும் ஊழியர் ஒருவரும் காயமடைந்தனர். பாதுகாப்புச் சோதனைகள் அதன்பின் கடுமையாயின. 2020-இல் பெருந்தொற்று கைகுலுக்கலை நிறுத்தியபோது, காணொலி உரையாடல் அதன் இடத்தைப் பிடித்தது. அங்கும் விற்கப்பட்டவை நொடிகளே.

மாநாடுகள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். நேருக்கு நேர் சொல்லும் ஒரு நன்றியின் மதிப்பை எந்தச் சமன்பாட்டாலும் அளக்க முடியாது. மாநாட்டில் வளர்ந்து தனி அரங்குக்கு உயர்ந்தோரும் உண்டு. சிங்கப்பூரில் நடக்கும் ஆசிய அனிமே விழாவில் தொடக்க காலத்தில் பாடிய பேபிமெட்டல், 2016-இல் லண்டன் வெம்ப்ளி அரங்கில் தனி நிகழ்ச்சி நடத்தியது. மாநாடு வாசலாக இருக்கும்வரை நல்லது; அதுவே வீடாகிவிட்டால், குழுவின் பிழைப்பு பாட்டைவிடப் புன்னகையையே நம்பி நிற்கும்.

ஆகவே, ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்கும் ரசிகருக்கு நான் சொல்வது இதுதான். குழுவை இப்போதுதான் அறிகிறீர்கள் என்றால் மாநாட்டுக்குச் செல்லுங்கள். அது மீண்டும் உங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று விரும்பினால், தனி நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்குங்கள். மாநாட்டை நடத்துவோருக்கும் ஒரு கடமை உண்டு: சந்திப்பு நேரத்துக்கு உச்சவரம்பு, இடையில் ஓய்வு, அந்த வருவாயில் உறுப்பினர்களுக்கு நியாயமான பங்கு ஆகியவற்றை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். அருகாமைக்கு விலை வைத்துவிட்ட பிறகு, அது ஓர் உழைப்பு என்பதையும் ஒப்புக்கொள்ளத்தானே வேண்டும்!