கவராயத்தின் ஊன்றிய கால்

ஜான் டன் என்று சொன்னதும் நம் ஆட்கள் கவராயத்தை எடுத்துவிடுவார்கள். பிரிவுக்கு அழாதே என்று சொல்லும் கவிதையில் காதலர் இருவரும் கவராயத்தின் இரண்டு கால்கள். ஒன்று ஊன்றி நிற்கும், மற்றது ஊர் சுற்றும். ஊன்றிய கால் அசையாததால்தான் வட்டம் சரியாக முடிகிறது. இன்ஜினியரிங் படித்தவன் என்ற முறையில் எனக்கு இந்த உருவகம் ரொம்பப் பிடிக்கும். என் சண்டை கவிதையோடு இல்லை. “எப்பேர்ப்பட்ட காதல் பாருங்கள்!” என்று அதை ஆன் மோர் தலையில் கட்டுகிறவர்களோடுதான்.

காதல் கதை தெரிந்ததுதான். 1601 டிசம்பரில் ரகசியக் கல்யாணம். ஆனுக்கு 17 வயது, டன்னின் முதலாளி தாமஸ் எகர்ட்டனின் மனைவி வழி உறவு. மாமனார் கொதித்தார். டன்னுக்கு வேலை போயிற்று, கொஞ்ச நாள் சிறை, பிறகு பல வருட வறுமை. இதுவரை சினிமா மாதிரி சொல்வார்கள். அடுத்த ரீலில் டன் பாதிரியார் ஆகி, புனித பால் பேராலயத்தின் தலைமைக்கு வந்துவிடுவார். ஆன் எங்கே போனார்?

பதினாறு வருடத்தில் 12 பிரசவம். 1617 ஆகஸ்டில் கடைசிக் குழந்தை இறந்தே பிறந்தது, சில நாட்களில் ஆனும் இறந்தார். வயது 33. அவர் எழுதியதாக ஒரு வரிகூட இன்று இல்லை.

இனி கவராயத்துக்கு வருவோம். 1611 இறுதியில், கர்ப்பிணி மனைவியை விட்டுவிட்டு, புரவலர் ராபர்ட் ட்ரூரியோடு டன் பிரான்சுக்குப் போகிறார். 1612 ஜனவரியில் குழந்தை இறந்து பிறக்கிறது. அந்தப் பிரிவுக்குத்தான் கவராயக் கவிதை எழுதப்பட்டது என்றும், பாரிஸில் டன் கண்முன்னே ஆன் இறந்த குழந்தையை ஏந்தி நடந்துபோனார் என்றும் சொல்பவர் ஐசக் வால்டன். எப்போது? 1675 பதிப்பில். டன் செத்து 44 வருடம் கழித்து! வால்டனே 1640இல் எழுதிய முதல் வடிவத்தில் இந்தக் கதை கிடையாது. பிரான்சிலிருந்து டன் எழுதிய கடிதத்திலோ வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை, குழந்தை பிறந்ததா, மனைவியே போய்விட்டாரா தெரியவில்லை என்று புலம்புகிறார். காட்சி கண்ட மனுஷன் எழுதுகிற கடிதமா இது?

ட்ரூரியின் தயவு எப்படிக் கிடைத்தது தெரியுமா? அவருடைய மகள் எலிசபெத் 14 வயதில் இறந்துபோனாள். டன் அவளைப் பார்த்ததே இல்லை. அவளுக்காக இரண்டு நெடுங்கவிதைகள், சேர்த்து ஏறத்தாழ ஆயிரம் வரி. தன் கவிதைகளை அச்சுக்குக் கொடுக்கத் தயங்கிய டன் இவற்றை உடனே அச்சேற்றினார். பிழைப்பு, ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும். ட்ரூரி பிறகு குடியிருக்க வீடும் கொடுத்தார்.

ஆனால் ஆனுக்கு? காதல் கவிதைகளில் தேதி இல்லை, பெயர் இல்லை. டன் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1633இல்தான் தொகுப்பாக வந்தன. எது ஆனுக்கு, எது அதற்கு முந்தைய வாலிப விளையாட்டு என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது.

“கவிதையை வாழ்க்கையோடு முடிச்சுப் போடாதே” என்று தியரி படித்த தம்பிகள் வருவார்கள். முடிச்சுப் போட்டது நானா? கல்யாணக் கதையையும் கவராயத்தையும் ஒரே மூச்சில் சொல்லி, “காதலின் கவிஞன்” என்று கட்டுரை எழுதியது யார்? காதலுக்கு மட்டும் வாழ்க்கை வரலாறு வேண்டும், பன்னிரண்டு பிரசவம் என்றதும் பிரதி மட்டும் போதுமா? இது நல்ல வாசிப்பு இல்லை, சௌகரியம்.

ஐயமில்லாமல் ஆன் பற்றியது என்று சொல்லக்கூடிய ஆங்கிலக் கவிதை ஒன்றே ஒன்றுதான், அவர் இறந்த பிறகு எழுதிய பதினாலு வரி சானட். மனைவியில் தொடங்கிச் சீக்கிரமே கடவுளிடம் போய்விடுகிறது. 1633 தொகுப்பில் அது இல்லை, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் அச்சுக்கு வந்தது. அதிலும் ஆன் என்ற பெயர் கிடையாது. அதை யாரும் பகிர்ந்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள், மிச்சச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.